வெள்ளைப் பிளக்

மழை தொடங்கினால் றெஜியண்ணை கராஜுக்கு வந்துவிடுவார். வெயில் நாளில் அவருக்கு ஆயிரம் சோலி. மழை என்றால் மட்டும் குடையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, மடங்கியே போன வலக்கையை வயிற்றோடு அணைத்தபடி வந்து, வாசலில் போட்ட கதிரையில் இருப்பார். அன்றைக்கு வண்டி திருத்த வந்தவர்கள் பாவம், அகப்பட்டுக்கொள்வார்கள். தை மாதம் நடந்த கார் ஓட்டத்தின் கதையை முழுக்கக் கேட்டு முடிக்காமல் ஒருவரும் எழும்ப முடியாது.

கதையில் எல்லாம் சரி. மழை சரி, சகதி சரி, முதல் இரண்டு சுற்றுக்கும் எடுத்த நேரம் செக்கனோடு சரி. ஒரே ஓர் இடம் பிழை. அது பிழை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது நான் ஏதாவது ஓர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன்.

என் பெயர் பரமேஸ்வரன். விசுவமடுவில் வாடகைக் கார் ஓடியவன். ஏ-போட்டி என்கிற பழைய இங்கிலிஸ் கார் ஒன்று. தொண்ணூறாம் ஆண்டு அரசாங்கம் தடை போட்டு வன்னிக்குப் பெற்றோல் வருவது நின்றதிலிருந்து அதை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். பெற்றோலை மருந்து மாதிரி வைத்திருந்த காலம் அது. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் விட்டு, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற ரியூப்பால் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கி ஸ்ராட் பண்ணுவோம். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். ஒரு சொட்டுக் கூடினால் எனக்கு வயிறு எரியும். காபரேற்றரில் எரிபொருள் வருகிற ஜெற்றின் துவாரத்தை ஈயத்தால் அடைத்து, சைக்கிள் பிறேக் வயரின் ஓர் இழையை அளவாக வைத்துத் திரும்பத் துளைத்துக்கொள்வேன். எவ்வளவு குறைத்து ஓடலாம் என்பதுதான் அந்தப் பத்து வருஷமும் என் படிப்பு. எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி போடுகிற பிளக்கைக் கழற்றினால் சட்டிக்கரி மாதிரி இருக்கும். மூன்று நாளைக்கொரு தடவை மண்தாள் போட்டுத் தேய்ப்பேன். வெள்ளையாக ஒரு பிளக்கை நான் கண்ணால் கண்டதில்லை.

பெரிய மெக்கானிக் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தொண்ணூற்றொன்பதில் காரை ஓலையால் மூடி வைத்துவிட்டு, மனைவி இராசேஸ்வரியையும் மகள் சுதாஜினியையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தேன். அகதி முகாமில் போட்டார்கள். ஒரு நீட்டுக் கொட்டிலில் பதினாறு குடும்பம். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவில் உரச்சாக்குத் தட்டி. காலையில் வாசலில் அட்டையைக் கொடுத்துவிட்டு ஒருநாள் பாஸ் எடுத்து வெளியே போகலாம், ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வெளியில் குடியிருக்க வேண்டுமென்றால் வவுனியாவில் பதிவுள்ள ஒருவர் எங்களுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். வேலைக் கடிதமும் வேண்டும். எங்களுக்கு இரண்டுமே இல்லை.

அங்கே இருக்கும்போதுதான் மகள் பெரியபிள்ளையானாள். உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் தாய் சீலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரவில் இராசேஸ்வரி தட்டிப் பக்கம் தான் படுத்து, மகளை நடுவில் போடுவாள்.

"எனக்கு வீடு வேண்டாம். உள்ளுக்குக் கொண்டி போட்ட கதவு ஒண்டு வேணும். அவ்வளவுதான்," என்பாள்.

போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் கூலி வேலை தேடி பஸ்தியாம்பிள்ளை ஐயாவின் லொறிப்பட்டிக்குப் போனேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தொண்ணூறில் எழும்பி வந்து, வவுனியாவில் மீன் லொறி ஓட விட்டிருந்த குடும்பம். விடியவிடிய அடித்த மழையில் ஒரு பழைய பெற்றோல் லொறி ஸ்ராட் வராமல் நின்றது. பிளக்குகளுக்குக் கறண்ட் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ரிபியூற்றருக்குள் ஈரம். மூடியைக் கழற்றித் துடைத்து, ஒரு சைக்கிள் ரியூப்பை வெட்டி அதற்குத் தொப்பியாகப் போட்டேன். லொறி ஒரே இழுவையில் பிடித்தது. குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஐயாவின் மகன் றெஜி. என்னிலும் இரண்டு வயது மூத்தவர்.

"ஆர் நீர்?"

"விசுவமடு. கார் ஓடினனான்."

"என்ன கார்?"

"ஏ-போட்டி. மண்ணெண்ணெயில."

அவர் சிரித்தார். "பெற்றோலில ஓடுற ஒண்டு வைச்சிருக்கிறன். வந்து பாருமன்."

காரை மூடியிருந்த படங்கைத் தூக்கினார். ஸ்ரார்லெற். பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற குட்டிச் சிவப்புக் கார். நீர்கொழும்பில் மாமா வீட்டில் நின்று படித்த காலத்தில் கார் ஓட்டம் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ஈரப்பெரியகுளத்துக்கு அந்தப் பக்கம், கிரவல் மண் வெட்டி முடிந்த காணி ஒன்றில் மோட்டார்க் கழகக்காரர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். மாரியில் மட்டும்தான் அங்கே ஓட்டம். காய்ந்த தரையில் பெரிய எஞ்சின் உள்ளவன் வென்றுவிடுவான், சகதியில் சின்னக் காருக்கும் ஒரு வழி இருக்கிறது என்பது றெஜியண்ணையின் கணக்கு.

"அப்பா இதை விளையாட்டு எண்டுறார். ஒருக்கால் வெண்டு காட்டட்டாம். காட்டினா இந்தப் பட்டிக்குப் பின்னால கிடக்கிற காணியைக் கராஜ் போடத் தாறாராம். கராஜ் வந்தா எனக்கொரு மெக்கானிக் வேணும், பரமேஸ். வேலைக் கடிதம் தாறன். பொறுப்புக் கையெழுத்தும் நானே வைக்கிறன். குடும்பத்தோட வெளியில வந்திடும்."

அன்றைக்குப் பின்னேரம் முகாமுக்குப் போய் இராசேஸ்வரியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பெரிதாகச் சந்தோசப்படவில்லை. "கராஜுக்குப் பின்னால அறை இருக்குமோ?" என்றுதான் கேட்டாள். இருக்கும் என்றேன். "அப்ப வெல்லுங்கோ," என்றாள், கடைக்குப் போய் சீனி வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

வேலை தொடங்கினேன். பின் சீற்றையும் கதவுகளின் உள்தட்டிகளையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்தேன். புகைக்குழாயை வளைத்து மேலே எடுத்துக் கட்டினேன், தண்ணீர் ஏறாமல் இருக்க. எல்லோரும் அகல ரயர் போடுவார்கள். நான் ஒடுங்கின ரயராகத் தேடி எடுத்தேன். அகல ரயர் சகதிக்கு மேலே மிதக்கும், ஒடுங்கினது உள்ளே வெட்டிக்கொண்டு போய் அடித்தரையைப் பிடிக்கும். சூடு காட்டின கத்தியால் அதில் சரிவாக வாய்க்கால் வெட்டினேன். முன் கண்ணாடியில் தண்ணீர் நிற்காமல் வழிய நனைத்த புகையிலையால் தேய்த்தேன். வைப்பர் வேலை செய்யாத ஏ-போட்டியில் பத்து மாரி ஓடியவனுக்கு இதையெல்லாம் ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. றெஜியண்ணை பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் "அட!" என்பார். அந்த "அட"வுக்காகவே நான் இன்னும் இரண்டு வேலை கூடச் செய்வேன்.

கடைசியாகக் காபரேற்றர். அதைத் திறந்து ஜெற்றைக் கையில் எடுத்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவ்வளவு பெரிய துவாரம். பெற்றோல் வாளியால் ஊற்றுகிற மாதிரிப் போகும். என் கை தன்பாட்டில் ஈயத்தைத் தேடிப் போனது.

"இதென்ன செய்யிறீர்?" என்றார் றெஜியண்ணை.

"கொஞ்சம் ஒடுக்கிவிடுறன். வீணாப் போகுது."

"பெற்றோலைப் பற்றி யோசிக்காதையும். இஞ்ச பெற்றோல் செட்டில வேணுமெண்ட அளவு கிடக்கு."

"குறைவா எரிச்சா ராங்கில குறைவா விட்டால் காணும். பாரமும் குறையும்," என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்த நியாயம் அது. அவர் தலையாட்டினார். எஞ்சின் விசயத்தில் அவருக்கு என் சொல்தான் சொல்.

ஓடிப் பார்க்க இடம் வேண்டுமே. செல்வராசா என்பவரின் அரிசி ஆலைக்குப் பின்னால் நெல் காயவிடுகிற பெரிய சீமெந்து முற்றமும், அதைச் சுற்றி மண் பாதையும் இருந்தன. மழை நாளில் நெல் காயாது, முற்றம் சும்மா கிடக்கும். ஆகவே வானம் இருண்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். முதல் நாள் நான்தான் ஓடிக் காட்டினேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ஸ்ரேறிங் பிடித்தேன். மண்ணெண்ணெய் எஞ்சின் முக்கி முனகித்தான் இழுக்கும், இது காலை வைக்க முன்னமே போனது. ஈரச் சீமெந்தில் பின்பக்கம் மெல்ல வழுக்க, அதை ஸ்ரேறிங்கால் தாங்கி, திரும்பவும் இழுவை கொடுத்து வெளியே எடுத்தேன். நாலு சுற்று ஓடிவிட்டு இறங்கினேன். அழுகை வந்தது, மழையில் தெரியவில்லை. ஏ-போட்டியை ஓலைக்குக் கீழே விட்டு வந்ததற்கு நான் அன்றைக்குத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

றெஜியண்ணைக்கு ஒரு கெட்ட பழக்கம், பயந்தால் பிறேக்கை மிதிப்பார். நூறு தரம் சொல்லியிருப்பேன்.

"பிறேக்கைத் தொடாதேங்கோ அண்ணை. ஈரத்தில தொட்டா சில்லு நிக்கும், கார் நிக்காது. காலை மட்டும் எடுங்கோ, எஞ்சின் பிடிக்கும்."

மார்கழி முடிவதற்குள் அவர் பழகிக்கொண்டார். கடைசி ஐந்தாறு மழைக்கு ஒரு தரம்கூடப் பிறேக் வெளிச்சம் எரிந்து நான் காணவில்லை. நல்ல ஓட்டக்காரர் அவர். இதை நான் இங்கே சொல்லுவது போதாது, அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியொரு நாள் ஓடி முடித்துப் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளை. திருநீறு பூசின மாதிரி அப்படியொரு வெள்ளை. நாலும் ஒரே மாதிரி. பத்து வருஷம் கரியைத் தேய்த்தவனுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் றெஜியண்ணைக்குக் காட்டினேன். எஞ்சின் அவ்வளவு சுத்தமாக எரிக்கிறது, ஒரு சொட்டும் வீணில்லை என்றேன். அவரும் வாங்கிப் பார்த்து, "உம்மட கைக்குப் பொன்காப்புப் போட வேணும்," என்றார். ஒன்றை நான் முகாமுக்குக் கொண்டுபோய் இராசேஸ்வரிக்கும் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் ஓட்டம். கழகக்காரர் கொடுத்த பெயர்ப் பட்டியலில் என் பெயரும் இருந்ததால் சோதனைச் சாவடி தாண்ட அன்றைக்கு மட்டும் விட்டார்கள். காலையிலிருந்து மழை ஒரே சீராகப் பெய்தது. உடம்பு விறைக்கிற குளிர்காற்று. பாதையைப் போய்ப் பார்த்தோம். ஆலை முற்றம் மாதிரி இல்லை. குளக்கட்டு ஓரமாக நேராக ஒரு நீட்டு, ஏறக்குறைய அரை மைல். அதன் முடிவில் இடப்பக்கம் ஒரு வளைவு. வளைவுக்கு வெளியே வெட்டிக் குவித்த கிரவல் மேடு. ஒவ்வொரு காரும் தனியாக மூன்று சுற்று ஓட வேண்டும், மொத்த நேரம் குறைந்தவருக்கு வெற்றி.

பரீட்சார்த்தமாக ஒரு சுற்று ஓடவிட்டார்கள். அது முடிந்து தகரக் கொட்டிலுக்குக் கீழே பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காருக்கு அநுராதபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழட்டுச் சிங்கள மெக்கானிக், வெற்றிலை வாயோடு வந்து எட்டிப் பார்த்தார். என் கையிலிருந்த பிளக்கை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிப்போனது.

"தம்பி, பெற்றோல் காணாது. வெள்ளை கூடாது. மண்ணிறம் வரவேணும்." உடைந்த தமிழ்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. "மழைக் காத்து குளிர். குளிருக்கு இன்னும் கூடப் பெற்றோல் கேக்கும். இந்த நீட்டில கால் எடுக்காமல் போனா பிஸ்ரன் உருகும்."

போய்த் தன் பெட்டியைக் கிண்டி, பித்தளை ஜெற் ஒன்றை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். "போடு. பத்து நிமிசம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பத்து வருஷம் எங்கள் ஊருக்கு ஒரு போத்தல் பெற்றோல் விடாமல் வைத்திருந்துவிட்டு, இப்போது பெற்றோல் காணாது என்று எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த மனுசனா தடை போட்டது? அவர் பாவம், தன் சாமானை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்தவர். அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. சிரித்துத் தலையாட்டினேன், ஜெற்றைச் சட்டைப் பைக்குள் போட்டேன், பழையபடி பிளக்கைப் பூட்டினேன்.

"அந்தாள் என்ன சொன்னவர்?" என்று றெஜியண்ணை கேட்டார்.

"சும்மா கதை. காரை வடிவாச் செய்திருக்கிறமாம்."

இதுதான் நான் சொன்ன பொய்களில் முதலாவது.

முதல் சுற்றில் றெஜியண்ணை ஓடின ஓட்டத்தைப் பார்த்துக் கொட்டிலில் நின்றவர்கள் எல்லாரும் வெளியே வந்து மழையில் நின்றார்கள். வளைவில் மற்றவர்கள் சறுக்கின இடத்தில் இந்தக் குட்டிக் கார் கோடு கீறினது போலப் போனது. நேரத்தைச் சொன்னார்கள்; எல்லாரிலும் ஐந்து செக்கன் முன்னால். இரண்டாம் சுற்றில் ஆறரை. கராஜ் வந்துவிட்டது, அறை வந்துவிட்டது, கதவுக்கு நான் கொண்டி அடித்துக்கொண்டிருந்தேன், மனதுக்குள்.

அந்த இரண்டாம் சுற்றில் நீட்டுக்குள் கார் எங்களைத் தாண்டிப் போகும்போது எஞ்சினில் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் கல் உள்ளே உருளுகிற மாதிரி. கேட்டது. கொட்டில் தகரத்தில் மழை விழுகிற சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓடிப்போய்க் கொடிக்காரனைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. நிறுத்தினால் வெற்றி போய்விடும். கிழவர் சொன்னதும் சரியாகிவிடும். இரண்டில் எதற்காக நான் அசையாமல் நின்றேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் சுற்று. நீட்டின் கடைசியில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், சத்தம் சட்டென்று அறுந்தது. முன்சில்லுகள் இரண்டும் அப்படியே இறுகின. பின்னால் பிறேக் வெளிச்சம் எரியவில்லை. அதை நான் வடிவாகப் பார்த்தேன். கார் வளையாமல் நேரே போய்க் கிரவல் மேட்டில் ஏறி, ஓட்டக்காரர் பக்கமாகச் சரிந்து விழுந்தது.

நான்தான் முதலில் ஓடிப்போனேன். வலது முழங்கை கதவுக்கும் மண்ணுக்கும் நடுவில் நசிந்துபோய்க் கிடந்தது. நினைவு இருந்தது. என்னைக் கண்டதும், "கார் என்ன மாதிரி, பரமேஸ்?" என்றுதான் கேட்டார்.

அடுத்த நாள் லொறிப்பட்டியில் தனியே இருந்து எஞ்சினைப் பிரித்தேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் பிரித்தேன். இரண்டாவது பிஸ்ரனின் தலையில் ஒரு சதக்குத்திக் காசு போகிற அளவு ஓட்டை. உருகின அலுமினியம் சிலிண்டரோடு ஒட்டி எஞ்சினைக் கட்டிப் பிடித்திருந்தது. இந்தக் காரில் எஞ்சின் இழுக்கிறது முன்சில்லைத்தான்; எஞ்சின் இறுகினால் முன்சில்லு இறுகும். றெஜியண்ணையின் காலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சட்டைப் பைக்குள் கிழவரின் ஜெற் அப்படியே கிடந்தது.

பிஸ்ரனைக் கடதாசியில் சுற்றி முகாமுக்குக் கொண்டு போனேன். இராசேஸ்வரியிடம் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மகள் அங்காலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் இனிக் கையெழுத்து வைப்பாரோ?"

"தெரியாது."

பிஸ்ரனைத் திரும்பக் கடதாசியில் சுற்றினாள். "சொல்லத்தான் வேணும்," என்றாள். பிறகு குரலை இறக்கி, "கையெழுத்து வைச்ச பிறகு சொல்லுங்கோ," என்றாள்.

அவள்மேல் பழி போட நான் ஆளில்லை. ஒன்றரை வருஷம் சீலை பிடித்துக்கொண்டு நின்றது போதும் என்று நினைத்தாள். ஒரு கிழமைதான் தள்ளிப்போடச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிஸ்ரன் பைக்குள் இருந்தது. அவளுக்கு ஓம் என்றிருந்தாலும், வழியில் மனம் மாறி, முதலில் சொல்லிவிடுவது என்றே போனேன். இதையாவது நீங்கள் நம்ப வேண்டும். றெஜியண்ணையின் கை தோளிலிருந்து விரல் வரை கட்டுப் போட்டுக் கிடந்தது. முழங்கை இனி நிமிராது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவர் என்னை வாய் திறக்க விடவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும், பரமேஸ்."

"என்ன கதை அண்ணை இது..."

"இல்லை, கேளும். எத்தினை தரம் சொன்னனீர், பிறேக்கைத் தொடாதேங்கோ எண்டு. வளைவைக் கண்டோடன பயந்துபோய்க் கால் போட்டுது. மிதிச்சது எனக்கு நினைவில்லை. ஆனா சில்லு ரண்டும் இறுகினது தெரிஞ்சது. வேற என்னெண்டு இறுகும்?"

நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உம்மட உழைப்பையெல்லாம் ஒரு மிதியில மண்ணாக்கிப் போட்டன். எஞ்சின் என்ன மாதிரி? நல்லா அடிபட்டுதோ?"

"அடிபட்டுத்தான் போச்சு," என்றேன்.

தலையணைக்குக் கீழே இடக்கையை விட்டு ஒரு வேலைக் கடிதத்தையும் பொறுப்புக் கையெழுத்துப் பாரத்தையும் இழுத்து எடுத்தார். தகப்பனார் வந்து அழுதாராம். இனி லொறி ஓட்டவும் ஏலாது, படகில் ஏறவும் ஏலாது, கராஜையாவது போட்டுக்கொண்டு இரு என்று காணியைக் கொடுத்துவிட்டாராம். பாரத்தில் எங்கள் மூன்று பேரின் பெயரும் இருந்தது. கீழே இடக்கையால் கையெழுத்து வைத்திருந்தார். சின்னப்பிள்ளை எழுதிப் பழகினது போல எழுத்துகள் ஒன்று மேலே, ஒன்று கீழே.

"நான் பிழை விட்டதுக்கு உம்மட பிள்ளை ஏன் முகாமில கிடக்க வேணும்? கொண்டு போய்க் குடும்."

பாரத்தை வாங்கினேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அங்கே அந்த ஜெற் கையில் தட்டுப்பட்டது. பிஸ்ரன் பையோடு திரும்பி வந்தது.

மாசியில் வெளியே வந்தோம். கராஜுக்குப் பின்னால் ஓர் அறை, கதவுக்கு உள்கொண்டி. முதல் நாள் மகள் அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். இராசேஸ்வரி அன்றைக்கு நல்லாகத் தூங்கினாள், நான் தூங்கவில்லை. காலையில் தேத்தண்ணி தரும்போது, "இனிச் சொல்லலாம்தானே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பங்குனியில் திரும்பக் கேட்டாள். ஆடியில் ஒருக்கால் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அவள் கேட்டபோதிலும் பார்க்கக் கேட்காமல் விட்ட பிறகுதான் வெட்கமாக இருந்தது.

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் தேடினால் நூறு கிடைக்கும். வேலை போய்விடும், கையெழுத்தை எடுத்துவிடுவார், முகாமுக்குத் திரும்ப வேண்டும். எல்லாம் பொய். றெஜியண்ணை அப்படிச் செய்யிற ஆளில்லை என்று எனக்குத் தெரியும். கூடினால் இரண்டு நாள் என்னோடு கதைக்க மாட்டார். அதற்குப் பிறகு தன் கால் பிழை விடவில்லை என்று அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும். அதைத்தான் நான் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். உம்மட கைக்குப் பொன்காப்புப் போட வேணும் என்று சொன்ன வாய் என்னைப் பற்றி வேறு மாதிரிச் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம்.

இது கார்த்திகை. நேற்று இந்த மாரியின் முதல் பெருமழை. றெஜியண்ணை குடையோடு வந்து கதிரையில் இருந்தார். புளியங்குளத்துப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவர், வீரபாகு என்று பெயர், மோட்டார் சைக்கிளுக்கு பிளக் மாற்ற வந்திருந்தார். கதை தொடங்கியது. நான் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றினேன்.

"இவர் பூட்டின எஞ்சின். அப்படியொரு எஞ்சின் பிறகு நான் காணேல்ல. பிளக் பாத்தா வெள்ளை வெளேரெண்டு கிடக்கும். நான்தான் உடைச்சனான்," என்று றெஜியண்ணை சொல்லிக்கொண்டு போனார். "மூண்டாம் சுற்று. வளைவைக் கண்டோடன கால் போட்டுது..."

வீரபாகு அவருடைய கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மழை தகரத்தில் அடித்தது. றெஜியண்ணை கதையை அதோடு விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு என்றைக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"பரமேஸ், நீர் கரையில நிண்டு பாத்தனீர்தானே. நான் பிறேக்கில கால் வைச்சனானோ?"

நான் நிமிர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. பத்து மாதமாக இதைக் கேட்கத்தான் மழைக்கு மழை வந்து இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னால் அறையில் சுதாஜினி உடுப்பு மாற்றப் போயிருந்தாள். உள்ளே கொண்டி விழுகிற சத்தம் கேட்டது.

"ஓம் அண்ணை," என்றேன். "வெளிச்சம் எரிஞ்சது, நான் கண்டனான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு இடக்கையால் குடையை எடுத்துக்கொண்டு, மழை விடுவதற்கு முன்பே வீட்டுக்குப் போனார்.